அறுபத்திரண்டு போன்களில் மாறிய பெயர்

என் அக்கா தூலாவின் விலா எலும்பை அவள் புருஷன் ரைனே முதன்முதலாக உடைத்த குளிர்காலத்தில்தான் நானும் என்னோடு வேலை செய்யும் இல்போவும் அந்தச் செயலியை எழுதினோம். வெளியே பார்த்தால், காலுறை பின்னும்போது வரிசை எண்ணுகிற செயலி. நூல்கண்டுப் படத்தை மூன்று முறை தட்டினால் போலீசுக்கு அழைப்பு போகும். பின்லாந்தில், எங்கள் தம்பெரே ஊரில் எந்தப் புருஷனும் பெண்டாட்டியின் பின்னல் கணக்கைத் திறந்து பார்த்ததில்லை. அறுபத்திரண்டு பெண்கள் அதை வைத்திருந்தார்கள்.

முதல் தடவை செயலிக் கடைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு அனுமதித்தார்கள். பிறகு, கடும் குளிரில் அழைப்பு பாதியில் அறுந்தது. அதைச் சரிசெய்து புதிய பதிப்பை அனுப்பினோம். நிராகரித்துவிட்டார்கள். மறைவான வேலை இருக்கிறதாம், பயனரை ஏமாற்றக் கூடாதாம், என்ன வேலை என்று பெயரே சொல்ல வேண்டுமாம்.

ஏமாற வேண்டியது பயனர் இல்லை, அவள் புருஷன் என்று எழுதினேன். அதே வரிகள் திரும்பி வந்தன. கூடவே, விளக்கப் பக்கத்தில் இருந்த வீங்கிய கன்னத்தின் படம் வன்முறையாம். சிரிக்கிற பெண்ணைப் போட்டோம். படத்துக்கும் செயலிக்கும் சம்பந்தமில்லை என்று மறுபடி நிராகரிப்பு. அதே வாரம் எங்கள் மேல்மாடி கம்பெனிக்காரர்கள் கோடரியால் தலை வெட்டுகிற விளையாட்டை அனுப்பினார்கள். ஒரே நாளில் பாஸ். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்.

"ரத்தம் பச்சையா இருந்தா பரவாயில்லையாம்," என்றான் இல்போ. "நம்ம கன்னத்துக்கும் பச்சை அடிச்சிருவோமா?"

"உன் மூக்குலதான் அடிப்பேன். நேத்தும் அக்காவ மிதிச்சிருக்கான், தெரியுமா?"

"கோவிச்சுக்காத மெர்வி. அவங்க கேக்குற மாதிரியே பேர் வெச்சிடுவோம். பாஸ் ஆனதும், வெளியிடறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் சொல்லிடலாம்."

ஆளில்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிற ஜனம் நாங்கள். விதி கேட்டபடியே பெயர் வைத்தோம்: 'அடிக்கும் கணவனிடமிருந்து தப்பிக்க'. எப்போதும் இரண்டு நாளாவது ஆகும். அன்று நாங்கள் காப்பி குடித்து வருவதற்குள் அனுமதி வந்துவிட்டது. 'அனுமதித்தவுடன் தானாக வெளியிடு' என்ற கட்டத்தில் இருந்த குறியை நான் எடுக்க மறந்திருந்தேன். யாருக்கும் சொல்வதற்குள் எல்லார் போனிலும் புதுப் பெயர் ஏறிவிட்டது.

அக்காவுக்கு போன் அடித்தேன். ரைனே எடுத்தான்.

"யாரும்மா மெர்வி, அந்த அடிக்கிற புருஷன்? உங்கக்கா போன்ல போட்டிருக்கு. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

"மாமா, அவள விட்டுடுங்க. அது என் வேலை. அடிக்கணும்னா என்னை அடிங்க."

"உன் முறையும் வரும்."

போன் கீழே விழுந்தது, அணையவில்லை. நாற்காலி உடைந்தது. அக்காவின் தலை சுவரில் மோதியது. ஐந்து முறை. ஆறாவது முறை அவள் குரல் வரவில்லை. பக்கத்தில் இல்போ போலீசிடம் முகவரியைக் கத்திக்கொண்டிருந்தான்.

போலீஸ் கதவை உடைத்தபோது ரைனே கை கழுவிக்கொண்டிருந்தானாம். அக்காவின் தாடையைக் கம்பியால் கட்டினார்கள். ஒரு கண் போய்விட்டது. அவனைக் கொல்ல நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அறுவை சிகிச்சை நடந்த நான்கு மணி நேரமும் அக்காவைத் தவிர யாரும் என் நினைவில் இல்லை.

கண் விழித்ததும் அவள்தான் சைகையால் காகிதம் கேட்டு எழுதினாள்: "மத்தவங்க?"

ஆஸ்பத்திரி நடையில் நின்று ஒவ்வொரு எண்ணாக அழைத்தேன். முதல் மூன்று பேரும் அழித்துவிட்டோம் என்றார்கள். நாலாவது போனை ஒரு ஆள் எடுத்தான்.

"அவளால இப்ப பேச முடியாது," என்றான்.