என் கை தப்பு சொல்லாது

எங்கள் மருத்துவமனையில் பிரஷர் பார்க்கும் மெஷின்கள் பதினான்கு இருக்கின்றன. அத்தனைக்கும் வைத்தியர் ஒருவர்தான், மெக்கானிக் அண்ணன். பழுது பார்த்து முடித்ததும் பட்டையைத் தன் கையிலேயே சுற்றிப் பார்ப்பார். நூற்றிருபதுக்கு எண்பது வந்தால் மெஷின் தேறிவிட்டது என்று அர்த்தம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே முறையான கருவி ஒன்று அலமாரியில் தூங்குகிறது. அதை ஞாபகப்படுத்தினால் அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"இருபது வருஷமா எனக்கு இதே நூத்தி இருபதுதான் சிஸ்டர். என் கை தப்பு சொல்லாது."

மூன்று வாரத்துக்கு முன் ஒரு கடிதம் வந்தது. மெஷின்களைச் சோதிக்க அதிகாரி வருகிறார். ஒன்று தவறினாலும் அண்ணனுக்கு வேலை இல்லை. "வரட்டுமே" என்றார் அண்ணன். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நெஞ்சு படபடத்தது, ராத்திரித் தூக்கமும் போனது. வெயில் என்றார், வாயு என்றார், புதுச் செருப்பு சேரவில்லை என்றுகூடச் சொன்னார்.

"பயமா இருக்காண்ணே?"

"எனக்கென்ன பயம்? இந்த மெஷினுங்கதான் மொத்தமா கெட்டுக் கிடக்கு. எதை மாட்டினாலும் நூத்தி அம்பது காட்டுது."

ஏறியிருந்தது அவருடைய பிரஷர் என்பது எனக்கும் உறைக்கவில்லை. அண்ணன் ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே இருக்கும் திருகைத் திருப்பி, முப்பது முப்பதாகக் குறைத்தார். வார்டில் முக்கால்வாசிப் பேருக்குப் பிரஷர் மளமளவென்று இறங்கியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை, பொய் சொல்வானேன். எல்லாம் என் கவனிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அதிகாரி வந்தார். அவர் பெட்டியைத் திறப்பதற்குள் அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. "நெஞ்சை அடைக்குது சிஸ்டர்" என்று சாய்ந்தார். உட்காரவைத்து, அவர் சரிபார்த்த மெஷினையே மாட்டினேன்.

"ஒண்ணுமில்லண்ணே. நார்மல்."

"நார்மலா? செத்துக்கிட்டிருக்கேன் சிஸ்டர்."

அதிகாரி தன் கருவியை அவருடைய மறு கையில் சுற்றினார். நூற்றைம்பது. டாக்டரம்மா ஓடி வந்து இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை, பதற்றம்தான் என்றார். அதிகாரி மற்ற மெஷின்களையும் வரிசையாகச் சோதித்தார். பதினான்கிலும் முப்பது குறைவு. "நார்மல்" என்று நான் சிரித்தபடி வீட்டுக்கு அனுப்பியவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவர்களுடைய சீட்டுகளைத் தேடி எடுக்க ஆரம்பித்தேன்.

"எதை வெச்சு சரி பண்ணீங்க?" என்று அண்ணனைக் கேட்டார் அதிகாரி.

"என் கையை வெச்சு சார்."

"உங்களுக்கு எப்பவுமே நூத்தி அம்பதா?"

"இல்ல சார். நூத்தி இருபது. இருபது வருஷமா."

"அப்புறம் எப்ப ஏறுச்சு?"

அண்ணன் தன் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க வர்றீங்கன்னு லெட்டர் வந்த அன்னிக்கு சார்."