ஹெல்மெட்டோடு வந்த மருத்துவச்சி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் சிங்கப்பூரின் சிராங்கூன் ரோட்டில் ஒரு தமிழ்ப் பெண் ஸ்கூட்டர் ஓட்டினாலே ஊர் நின்று பார்க்கும். தலையில் ஹெல்மெட்டும் இருந்தால் கேட்கவா வேண்டும்! "சட்டியைக் கவுத்துக்கிட்டு எங்கம்மா போறீங்க?" என்பார்கள் பூக்கடைக்காரர்கள். மருத்துவச்சி பூவம்மாவுக்குக் கூச்சத்தில் உடம்பே குறுகிப்போகும்.

அவள் கணவர் துரைசாமிக்குத் துறைமுகத்தில் வேலை. அங்கே விழுந்து மண்டை உடைந்தவர்களைப் பார்த்தவர். "ஸ்கூட்டர் வேணும்னா இதுவும் வேணும்" என்று ஜாலான் புசார் கடைகளில் தேடி ஒரு ஹெல்மெட் வாங்கிவந்து மாட்டிவிட்டார்.

ஒரு காலை, கேலாங் கம்பம் என்ற சிற்றூரிலிருந்து ஆள் வந்தது: யாக்கூப்பின் மனைவி ஆயிஷாவுக்கு வலி கண்டுவிட்டது. பூவம்மா பையோடு பறந்தாள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. கம்பத்துத் திருப்பத்தில் ஒரு வாத்துக்கூட்டம் குறுக்கே வர, பிரேக்கை அழுத்தினாள். வண்டி செம்மண் சேற்றில் வழுக்கிச் சாய்ந்தது. ஓரத்து லோங்காங் சாக்கடையின் சிமெண்டு விளிம்பில் அவள் தலை 'டங்'கென்று மோதியது.

கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். கைவிரலை அசைத்தாள், கால்விரலை அசைத்தாள். முழங்கையில் மட்டும் எரிச்சல். வாத்துகள் திட்டிக்கொண்டே போயின. எழுந்து வண்டியை நிமிர்த்தி மிதித்தாள்.

வீட்டுக்குள் அவள் ஓடிவந்ததும், விடியலிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஆயிஷா நிமிர்ந்து பார்த்தாள். முகமெல்லாம் சேறு, தலையில் ஹெல்மெட்.

"அக்கா... அதோடதான் பிரசவம் பாப்பீங்களா?"

பூவம்மா தலையைத் தொட்டுப் பார்த்தாள். கழற்ற மறந்தேபோயிருந்தது! ஆயிஷா சிரித்தாள், வலி வந்தால் கத்தினாள், விட்டதும் மறுபடி சிரித்தாள். பூவம்மாவும் சிரித்துக்கொண்டே அதைக் கழற்றிவைத்து, கைகழுவி உட்கார்ந்தாள். அரைமணி நேரத்தில் பெண் குழந்தை வீல் என்றது.

தேநீர் வந்தபோதுதான் ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்தாள். இடது காதுக்கு மேலே ஓடு நொறுங்கிப் பிளந்திருந்தது. கோப்பையைக் கீழே வைத்தாள். நடந்ததைச் சொன்னாள்.

யாக்கூப் முற்றத்தில் நின்ற தன் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். "எந்தக் கடையில வாங்கினீங்க அக்கா?"

உள்ளேயிருந்து ஆயிஷாவின் குரல்: "கேட்டுட்டு நிக்காதீங்க லா, இப்பவே போங்க!"

மனிதர் பஸ் பிடித்துப் போய்வந்தார். புது ஹெல்மெட்டை மாட்டியபடியே பிள்ளையை முத்தமிடக் குனிந்தார். பிள்ளை வீறிட்டது. அவர் பதறிக் கழற்றுவதற்குள் வீடே சிரிப்பில் குலுங்கியது.