தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கிறதுங்க சார்

1

இந்தக் கதை ஒரு டெண்டர் விளம்பரத்திலிருந்து பிறந்தது. தொண்ணூற்றேழில், பஜ்ஜி மடித்த தாளில் படித்தேன்: குடிநீர் அலுவலகக் கம்ப்யூட்டரைக் கண்காணிக்கத் தனியார் நிறுவனம் தேவை, பார்க்கலாம், தொடக் கூடாது. இப்படியொரு உத்தியோகத்தை நானே கற்பனை செய்திருந்தால் நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள்.

2

முதல் தொடக்கம்: ‘நள்ளிரவு. சிவப்பு விளக்கு துடித்தது. நாட்டின் நரம்பு மண்டலமே...’

(அடித்துவிட்டேன். காலை பதினொரு மணி போதும்.)

காந்திபுரத்தில் ஒரு மாடியறை. அந்தத் தனியார் நிறுவனத்தில் புதிதாய்ச் சேர்ந்த லின்சியின் திரையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதை உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் நானே கட்டினேன், டெண்டர் விடவில்லை. மோட்டாரை நிறுத்த வேண்டிய கம்ப்யூட்டர் உறைந்துவிட்டது, நீர்மட்டம் ஏறுகிறது. தொட்டி வழிவதற்குள் அங்குள்ள பொறியாளர் லட்சுமணசாமிக்குத் தகவல் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால், ஒப்பந்தப்படி, லின்சிக்கு வேலை போச்சு.*

* தொட்டி லட்சுமணசாமியின் ஜன்னலிலிருந்தே தெரியும். ஆனால் பார்க்கும் வேலைதான் தனியாருக்குப் போய்விட்டதே. அங்கே யாரும் பார்ப்பதில்லை.

3

“ஏனுங்க சார், தொட்டி...” போனில் லின்சி.

“லின்சியா? சாப்டியா கண்ணு?”

“ஆச்சுங்க. தொட்டி...”

“என்ன பலகாரம்?”

“உப்புமாங்க.”

“அதெல்லாம் ஒரு பலகாரமா அம்மணி? உங்கப்பா ஆரோன் வாத்தியார் சௌக்கியமா? எங்க ஊட்டு விசேசத்துக்கு வரவே இல்லையே, மனசுல ஏதாச்சும்...”

தொட்டி வழிந்தது.

(உப்புமாவைத் தோசையாக்கிப் பார்த்தேன். என்ன சட்னி என்று கேட்டார்.)

4

அடுத்த வரைவில் மரியாதையை வெட்டினேன்.

“தொட்டி நிரம்புது. மோட்டாரை நிறுத்துங்க.”

“எடுத்த எடுப்புல காரியமா? நானென்ன நீ வெச்ச ஆளா?”

டொக். வைத்துவிட்டார். தொட்டி மறுபடியும் வழிந்தது.

5

“நீயே மோட்டாரை நிறுத்திவிடேன் அம்மா” என்றேன்.

“தொட்டா வேலை போயிருமுங்க. அப்புறம் உங்க கதையா எனக்குச் சம்பளம் குடுக்கும்? தள்ளுங்க அக்கட்ட.”

இந்த வரைவில் நான் எழுதாத வசனம் இது. அவளே போன் போட்டாள்.

“சார், மந்திரி உங்க தொட்டியப் பாக்க வாராருங்களாம்!”

“பொய் சொல்லலாமா?” என்றேன்.

“நீங்க மட்டும் காலைல இருந்து என்ன பண்ணிட்டு இருக்கீங்க?”

லட்சுமணசாமி நலம் விசாரிக்கவில்லை. ரிசீவரைக்கூட வைக்காமல் ஓடினார். மேளம், ரோஜா மாலை, ‘மனிதத் தவறே இல்லாத அலுவலகம்’ என்ற பேனர், எல்லாம் தொட்டிக்கு நேர் அடியில். மாலையும் கையுமாக நிற்கிறார்.

6

விளிம்பிலிருந்து முதல் சொட்டு அவர் மூக்கில் விழுகிறது. மேளம் நிற்கிறது. லட்சுமணசாமி மெதுவாக அண்ணாந்து பார்க்கிறார்.

இதற்கு மேல் எனக்கு அதிகாரம் இல்லை. அந்தச் சொட்டு, தொட்டி வழிந்ததற்குச் சாட்சியா, அல்லது பொறியாளருக்கு முறைப்படி போய்ச் சேர்ந்த தகவலா? லின்சிக்கு வேலை உண்டா, இல்லையா? நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

கொஞ்சம் சீக்கிரம். இரண்டாவது சொட்டு தொங்கிக்கொண்டிருக்கிறது.