மூன்று கையொப்பங்களும் பன்னிரண்டு கற்களும்

1958ஆம் ஆண்டு, அக்டோபர் மாதம் 22ஆம் நாள், புதன்கிழமை. விடியற்காலையில் பெய்யத் தொடங்கிய மழை ஏழு மணிக்கு நின்றது. அதன் பின் காற்று அறவே இல்லை. மலாக்காவின் காஜா பேராங் வீடுகளின் தகரக் கூரைகளிலிருந்து மெல்லிய ஆவி எழுந்துகொண்டிருந்தது.

அந்நேரத்தில் நான் என் தம்பி நடராஜன் வீட்டில், சரசுவதி படத்தின் எதிரே நின்றுகொண்டிருந்தேன். படத்தின் காலடியில் தம்பியின் ரம்பமும் உளிகளும் இருந்தன. அவற்றின் அருகில் என் இரவுப் பள்ளிப் புத்தகங்களும், என் விண்ணப்பப் பாரமும், பன்னிரண்டு கற்கள் அடங்கிய ரொட்டி டின்னும் இருந்தன. முதல்நாள் பூசையின்போது நான் கல்லுடைப்பு வேலையில் இருந்தேன். என் கட்டிலுக்கு அடியில் கிடந்தவற்றைத் தம்பி மனைவி விஜயா எடுத்துவந்து பூசைக்கு வைத்துவிட்டாள். மறுபூசை முடியும் முன்னர் அவற்றைத் தொடுதல் ஆகாது.

"ஒம்போதேகாலுக்குத்தான் நல்ல நேரம், அண்ணி" என்றாள் விஜயா. "முன்னாடியே தொட்டா வெளங்காது."

"பன்னெண்டு மணிக்கு ஆபீசு கிராணி பஸ் ஏறிடுவாரு, விஜயா."

"பன்னெண்டுக்குத்தானே? இப்ப ஏழரைதான்லா ஆவுது. ஒக்காந்து காப்பி குடிங்க."

நான் உட்காரவில்லை. கையை நீட்டி எடுத்திருக்கலாம். அவள் தடுத்திருக்க மாட்டாள். ஆயினும் என் கை நீளவில்லை. முப்பத்து நான்கு வயது வரையில் கூலிப் பேரேட்டில் கட்டைவிரலை உருட்டி வந்தவள் நான். அஞ்சலை என்னும் நான்கு எழுத்தை எனக்கு அளித்த தெய்வத்தின் எதிரிலிருந்து திருட்டுத்தனமாக ஒன்றை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. மனம் வராததன் மீதும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அப்பாரத்தின் வரலாற்றை இங்குக் கூறுதல் அவசியம். மெர்டேக்கா என்னும் விடுதலை கிடைத்து ஓராண்டு நிறைந்த சமயத்தில், ஈப்போவிலுள்ள ஒரு நில ஆய்வு அலுவலகமும், எங்கள் தொழிற்சங்கமும், எங்கள் இரவுப் பள்ளியும் ஒன்றுகூடி ஓர் ஏற்பாடு செய்தன. தேர்வுச் சான்றிதழ் இல்லாதவராயினும், மண்ணையும் கல்லையும் அறிந்தவராயின், அவருக்கு ஓராண்டுப் பயிற்சியும் அதன் பின் உதவியாளர் வேலையும் தரப்படும். மலாக்காவிலிருந்து இருவர் மட்டும். பன்னிரண்டு கற்களை, எடுத்த இடம் எழுதிய சீட்டுடன் கொண்டுவர வேண்டும். பாரத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: பள்ளிக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று. மூன்றிலும் கையொப்பம் வேண்டும். இறுதி நாள் இன்று.

மூவர் கூடிச் செய்த காரியம் ஒருவர் செய்வதைவிட மூன்று மடங்கு எளிதாக இருக்கும் என்று நான் நம்பினேன். அது என் அறியாமை.

"சங்கம் மொதல்ல போடட்டும்மா. அப்புறம் நான் போடறேன்" என்றார் ஆசிரியர் சேதுராமன்.

"வாத்தியாரு கை இல்லாம நான் எப்படிப் போடறது?" என்றார் சங்கச் செயலாளர் தேவதாஸ். அத்துடன் அவர் நிறுத்தவில்லை. "கல்லு ஒடைக்கிற பொம்பள கல்லப் படிக்கப் போவுதாம். நாளைக்கு மீன் விக்கிறவ கடலப் படிக்கப் போவா."

"மீன் விக்கிறவளுக்குத் தெரியாத கடலா, ஐயா?" என்றேன்.

மூன்று வாரங்களில் பள்ளி இருந்த காஜா பேராங்குக்கும் சங்க அறை இருந்த ஜாலான் பெண்டஹாரா தெருவுக்கும் இடையே நான் பதினேழு முறை நடந்தேன். ஒவ்வொரு முறையும் மற்றவரின் பெயரைச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டேன். இறுதியில், திங்கட்கிழமை மாலை, இருவரையும் ஒரே காப்பிக்கடை மேசையில் உட்காரவைத்தேன். பயிற்சியின் நிறைவு விழாவில் யார் முதலில் பேசுவது என்று அவர்கள் வாதாடிக்கொண்டிருந்தபோது, பாரத்தை நடுவில் வைத்து இரண்டு பேனாக்களைக் கொடுத்தேன். "ரெண்டு பேரும் ஒண்ணாப் போடுங்க. யாரு மொதல்லன்னு நான் பாக்க மாட்டேன்" என்றேன். வாதத்தை நிறுத்தாமலே இருவரும் போட்டார்கள். என் சாமர்த்தியத்தை எண்ணி நான் வீடுவரை பெருமிதத்துடன் நடந்தேன்.

ஒன்பதேகாலுக்கு விஜயா கற்பூரம் காட்டினாள்.

"எடுத்ததும் ஒரு பக்கமாவது படிக்கணும், அண்ணி. இல்லன்னா வித்தை நிக்காது."

கையில் முதலில் அகப்பட்டது பாரமே. உரக்க வாசித்தேன். கட்டங்களுக்கு வந்ததும் நிறுத்தினேன். பள்ளியின் கட்டத்தில் தேவதாஸின் கையொப்பம் இருந்தது. சங்கத்தின் கட்டத்தில் சேதுராமனின் கையொப்பம் இருந்தது. படிக்கத் தெரிந்த நான், வாங்கிய அன்றே அதைப் படித்துப் பார்க்கவில்லை.

டின்னைத் திறந்தேன். கற்கள் பளபளத்தன. ஒவ்வொன்றின் மீதும் சந்தனமும் குங்குமமும் இருந்தன. ஒன்றிலும் சீட்டு இல்லை.

"அழுக்கா இருந்துச்சு, அண்ணி. புளி போட்டுத் தேச்சுட்டேன்" என்றாள் விஜயா, பாராட்டை எதிர்பார்த்து.

டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாரத்தையும் என் கல்லுடைப்புச் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு, பள்ளிக்கு விரைந்தேன். அன்று விஜயதசமி. முற்றம் நிறையப் பிள்ளைகள். சேதுராமன் அரிசித் தட்டின் எதிரே அமர்ந்து ஒரு குழந்தையின் விரலைப் பிடித்து எழுதவைத்துக்கொண்டிருந்தார். "ஒரு மணிக்கு மேல வாம்மா" என்றார், தலை நிமிராமல்.

ஜவுளிக்கடையின் மாடியிலிருந்த சங்க அறையை நான் அடைந்தபோது பதினொன்று ஆகியிருந்தது. ஈப்போ அலுவலகத்திலிருந்து வந்த எழுத்தர், அதாவது கிராணி, கருணாகரன் மேசையின் பின்னால் அமர்ந்திருந்தார். தேவதாஸ் பக்கத்தில் இருந்தார். கருணாகரன் பாரத்தை ஒருமுறை பார்த்தார்.

"கட்டம் மாறியிருக்கேம்மா. ரெண்டு பேரும் அடிச்சுத் திருத்தி கை போடணும்."

"வாத்தியாரு மொதல்ல அடிக்கட்டும்" என்றார் தேவதாஸ் உடனே.

என் பொறுமை அங்கே தீர்ந்தது. "மூணு பேரும் கூட்டுன்னு நோட்டீசு அடிச்சீங்க, ஐயா. ஒரு கூட்டாளி கட்டத்துல இன்னொரு கூட்டாளி கை வச்சா கூட்டு ஒடஞ்சிடுமா? அப்படின்னா எனக்கு எதுக்குக் கல்லப் பத்திச் சொல்லித் தரப் போறீங்க? நீங்க மூணு பேரும் மொதல்ல ஒரு நாக்காலியில ஒக்காரப் படிங்க."

தேவதாஸ் இருமினார். கருணாகரன் பாரத்தை ஓரமாக நகர்த்தினார். பின்பு, "கல்லக் காட்டுங்க" என்றார். முதற்கல்லை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனார். "மஞ்சளா இருக்கே, கந்தகமா?"

"சந்தனம், ஐயா."

சீட்டுகள் எங்கே என்று அவர் கேட்குமுன், நான் சுத்தியலால் அதைத் தட்டினேன். "குருபோங்கில கெணறு தோண்டின எடத்துல எடுத்த செம்பூராங்கல். சத்தம் மண்ணுச் சத்தம்." அடுத்தது வெண்படிகம். அதற்கடுத்தது எங்கள் கல்லுடைப்பின் கருங்கல். பதினான்கு ஆண்டுகள் என் வலக்கை கேட்ட ஒலிகள் அவை. ஒன்பதாவது கல்லில் அவர் என்னைத் தடுத்தார்.

"இது ஒங்க கருங்கல்தானே?"

"இல்லங்க. உஜோங் பாசிர் கரையில எடுத்தேன். இந்த மண்ணுல இந்தச் சத்தம் கெடையாது. பழைய கப்பல் ஆடாம இருக்க எடைக்குப் போட்டு வந்து, கரையில கொட்டிட்டுப் போன கல்லா இருக்கணும்."

அவர் அதை வாங்கிச் சன்னலின் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் கையிலிருந்த சுத்தியலை வாங்கித் தாமே தட்டினார். செவியைச் சாய்த்து மீண்டும் தட்டினார். கீழே கடைத்தெருவில் பஸ்ஸின் ஊதல் ஒலித்தது. அவர் எழவில்லை.

கூரை விசிறியின் காற்றில் பாரம் பறக்க முற்பட்டது. கண்களைக் கல்லிலிருந்து எடுக்காமலே, அவர் இடக்கையால் அதை அழுத்திப் பிடித்தார். பின்பு கையை எடுத்து, பத்தாவது கல்லுக்காக நீட்டினார்.

அலுவலகத்துக்கென வெறுமையாக இருந்த மூன்றாம் கட்டத்தின் நடுவே, கற்களிலிருந்து ஒட்டிய குங்குமத்தில், அவருடைய கட்டைவிரலின் ரேகை தெளிவாகப் பதிந்திருந்தது. தேவதாஸ் அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் பத்தாவது கல்லைக் கொடுத்தேன். அப்பொழுது மணி பதினொன்று ஐம்பத்தெட்டு.