கிழக்குக் கரையின் கவுன்சிலர்

என் மனைவி வெர்லீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். கார்வர்டேல் நகரத்தில் அவளுக்குத் தெரியாத தெரு கிடையாது. ஆனால் நகர மன்றத்தில் இருந்த ஏழு கவுன்சிலர்களில் பலருக்கு எங்கள் தெருவே தெரியாது.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. முறை அப்படி. ஏழு பேரையும் ஊர் முழுக்கச் சேர்ந்துதான் தேர்ந்தெடுப்போம். மேற்கே குன்றின்மேல் இருப்பவர்கள் எண்ணிக்கையில் அதிகம், வாக்களிக்கவும் தவறாமல் வருவார்கள். அதனால் ஏழு பேரும் அங்கிருந்தே வந்தார்கள். ஆற்றுக்குக் கிழக்கே இருக்கும் எங்களில் ஒருவர்கூட அறுபது வருடமாக மன்றத்தில் உட்கார்ந்ததில்லை.

ஒரு மார்ச் மாதம் டோல்மன் தெருவில் மழைத்தண்ணீர் மூன்றாவது முறையாக எங்கள் வீட்டுக்குள் புகுந்தது. வெர்லீன் என்னையும் கூட்டிக்கொண்டு மன்றக் கூட்டத்துக்குப் போனாள். பொதுமக்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். அவள் பேசி முடித்ததும் ஒரு கவுன்சிலர், டோல்மன் தெரு எந்தப் பக்கம் என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் சொன்னாள்: "எம்மெட், அந்த மனுஷன் கெட்டவர் இல்ல. இங்க வந்து ஓட்டுக் கேக்க வேண்டிய அவசியமே அவருக்கு வரல. அத மாத்தணும்."

நகரத்தின் அடிப்படைச் சட்டமான சாசனத்தைத் திருத்தும் கோரிக்கையை வாக்கெடுப்புக்குக் கொண்டுவர நாலாயிரம் வாக்காளர்களின் கையெழுத்து வேண்டும். ஐந்து வார்டுகள், வார்டுக்கு ஒரு கவுன்சிலர், மீதி இருவரை முன்போல ஊரே தேர்ந்தெடுக்கட்டும் என்பது அவள் கோரிக்கை. மளிகைக் கடை வாசலில் நின்றாள். தேவாலயத்து மீன் விருந்தில் மேசை மேசையாகப் போனாள். குன்றுக்கும் போனாள். அங்கே மட்டும் ஆயிரத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. நான் நம்பவில்லை, தாளைக் காட்டினாள். நவம்பர் வாக்கெடுப்பில் திருத்தம் வென்றது.

அடுத்த தேர்தலில் எங்கள் கிழக்குக் கரையில் அமைந்த நான்காவது வார்டில் அவளே நின்றாள். எதிரே கோர்டன் ஹாஸ்கல், மூன்று தெரு தள்ளி இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். எங்கள் ஊர் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது, ஆளைப் பார்த்துத்தான் போட வேண்டும். ஆளுக்கு ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு விழுந்தது. மறுபடி எண்ணினார்கள். அதே எண்ணிக்கை.

அப்படியானால் சீட்டுக் குலுக்கல் என்பது சட்டம். நகர மன்றச் செயலாளர் கண்ணாடிக் கிண்ணத்தில் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்தார். ஹாஸ்கல் பெயர்.

வெர்லீன் எழுந்து போய் அவருக்குக் கை கொடுத்தாள். "கோர்டன், வியாழக்கிழமை எங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்தா, வெள்ளிக்கிழமை உன் கடை வாசல்ல நிப்பேன்."

"நீ வியாழக்கிழமையே வந்து நிப்ப. எனக்குத் தெரியாதா?" என்றார் ஹாஸ்கல்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. இவ்வளவு உழைத்தும் ஒரு துண்டுச் சீட்டிலா போக வேண்டும் என்று புலம்பினேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கிண்ணத்துல ரெண்டு சீட்டு இருந்துச்சு. ரெண்டுமே கிழக்குக் கரை. நீ அதப் பாக்கலயா?"

ஹாஸ்கல் முதல் வருடமே எங்கள் பக்கத்து வடிகாலை அகலப்படுத்த வைத்தார். இரண்டு வருடம் கழித்து, ஊர் முழுக்க வாக்களிக்கும் இடம் ஒன்று காலியானது. வெர்லீன் அதற்கு நின்றாள். குன்றின் வாக்குச்சாவடிகளிலும் அவளே முந்தினாள்.

பதவியேற்பு அன்று கூட்டம் நிரம்பி வழிந்தது. உறுதிமொழி எடுக்க அவள் வலது கையை உயர்த்தியபோது, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குன்றுக்காரப் பெண்மணி, "நீங்க அவங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டார்.

உட்கார்ந்தபடியே சொல்லியிருக்கலாம். நான் எழுந்து நின்று, "அவ என் மனைவிங்க" என்றேன்.