துடுப்பு நின்ற நேரம்

ஆவணியில் போட்ட சாலை கார்த்திகைக்குள் உரிந்துவிட்டது. கல்லல் பக்கம் மொத்தம் இரண்டு கிலோமீட்டர். அதில் முதல் அறுநூறு மீட்டரில் ஜல்லி தனியாகவும் தார் தனியாகவும் கிடந்தன. நடுநடுவே கறுப்பு உருண்டைகளாக ரப்பர். மழை ஓய்ந்த ஒரு காலையில் ஜீப்பை விட்டிறங்கி ஓர் உருண்டையை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கினேன். நசுங்கியது. விட்டதும் பழைய உருவத்துக்கு வந்தது.

"அதைத்தான் பிள்ளைக பொறுக்கி விளையாடுதுக" என்றார் ஆடு பத்திக்கொண்டு வந்த ஒரு பெண். பெயர் சின்னக்கண்ணு என்று பிறகு சொன்னார். "அன்னைக்கு மேடையில பொன்னாடை வாங்குன எஞ்சினியரம்மா நீங்கதானே? எங்களையும் வேன்ல ஏத்திக் கூட்டியாந்து கைதட்டச் சொன்னாக."

"ஆமா, நான்தான்."

"ரப்பர் ரோடுன்னீக. விழுந்தாலும் பந்து மாதிரி எந்திரிச்சு வந்துருவோம்னுல நெனச்சோம்! எம் மருமக வண்டியோட விழுந்து முன்பல்லு ரெண்டும் போச்சு. அவ எந்திரிச்சுட்டா. பல்லு எந்திரிக்கலை."

ஜீப் ஓட்டுநர் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்ததைப் பார்த்து நானே பயந்தேன். பதினோரு வருடம் மனசுக்குள் வைத்திருந்த ஒன்று காலடியில் உரிந்து கிடக்கிறது, அதைப் பற்றி ஒருத்தி சொன்ன கேலிக்கு என் உதடு தானாக விரிகிறது.

பழைய டயரைத் தூளாக்கித் தாரில் கலந்து சாலை போடலாம் என்பது நான் கண்டுபிடித்தது அல்ல. எத்தனையோ இடங்களில் செய்கிறார்கள். மேல்படிப்பில் அதைத்தான் ஆய்வாக எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அதற்குக் காரணம் சாக்கோட்டைக்குப் பக்கத்தில் நான் வளர்ந்த வீடு. எங்கள் வீட்டுக்குப் பின்னால் செங்கல் சுடும் காளவாசல் ஒன்று இருந்தது. விறகோடு பழைய டயரையும் போட்டு எரிப்பார்கள். கொடியில் காயும் வெள்ளைத் துணியெல்லாம் கரும்புள்ளியாகிவிடும். அம்மா துணியை மறுபடி மறுபடி அலசுவாள், அலசும்போது இருமுவாள். டயரை எரிக்காமல் வேறு என்ன செய்யலாம் என்ற கேள்வி அங்கேதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நெடுஞ்சாலைத் துறையில் வேலைக்கு வந்த பிறகு அந்தக் கேள்வியைத்தான் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டேன். "தீபலட்சுமி மேடம் டயரோட வந்துட்டாங்க" என்று சிரிப்பார்கள். பதினோராம் வருடம் இரண்டு கிலோமீட்டர் கொடுத்தார்கள். அது தாக்குப்பிடித்தால் அடுத்து பதினான்கு கிலோமீட்டர் என்றார்கள்.

ரப்பர் கலந்த தாரில் ஒரு சங்கதி உண்டு. அதைச் சும்மா விடக் கூடாது. சூடாக இருக்கும்வரை தொட்டிக்குள் துடுப்பு சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். நின்றால் ரப்பர் மெல்ல அடியில் தங்கும். இது என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம். படம் போட்டு எழுதியிருக்கிறேன்.

தொடக்க விழா ஒரு வெள்ளிக்கிழமை, தார் காய்ச்சும் பிளாண்டிலேயே. பத்து மணிக்கு முதல் லாரி கிளம்ப வேண்டும். பத்தரைக்கு மேல் ராகு காலம். சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்தது பத்தே முக்காலுக்கு. அதற்கு முன்னால் பத்தரைக்கு, தொட்டியிலிருந்து ஒரு டப்பாவில் மாதிரி எடுத்து மூடி, தேதியும் நேரமும் எழுதி வைத்தேன். அப்போது தார் அருமையாக இருந்தது. தேன் மாதிரி ஒழுகியது.

ராகு காலத்தில் லாரியைக் கிளப்ப முடியாது என்று ஒப்பந்ததாரர் காசிவிஸ்வநாதன் சொல்லிவிட்டார். யாரும் மறுக்கவில்லை. நானும்தான். எனக்கு அதில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால், என் மகள் காதுகுத்துக்கு நானும் நேரம் பார்த்தவள்தான். பன்னிரண்டுவரை பேசியே ஓட்டுவது என்று முடிவானது. துடுப்பை ஓட்டும் மோட்டார் போட்ட இரைச்சலில் மைக்கில் பேசுவது கேட்கவில்லை. மேடையிலிருந்த ஒருவர் காதைப் பொத்திக்காட்டினார். பிளாண்டை ஓட்டும் கருத்தையா தொட்டியின் அருகில் நின்றபடி என்னைப் பார்த்துக் கையால் கேட்டார்: நிறுத்தவா?

தலையாட்டினேன்.

மோட்டார் நின்றது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. பதினோரு வருடமாக நான் பேசும்போதெல்லாம் யாராவது போனைப் பார்ப்பார்கள், யாராவது டீ சொல்வார்கள். அன்று ஓர் இயந்திரத்தையே நிறுத்திவிட்டு என் பெயரைச் சொன்னார்கள். "டயரைத் தரையாக்கிய தாரகையே, வருக!" என்றார் தொகுப்பாளர். பொன்னாடை கழுத்தில் உறுத்தியது. ஐந்து நிமிடம்தானே என்று நினைத்தேன். பிறகு பத்து நிமிடம்தானே என்று நினைத்தேன். பிறகு நினைப்பதை விட்டுவிட்டேன். பன்னிரண்டு ஐந்துக்குத்தான் மோட்டார் மறுபடி ஓடியது.

தார் இறங்கும் குழாய் தொட்டியின் அடியில் இருப்பதால், முதல் லாரிகளில் ஏறியது அடித்தார். ரப்பர் கட்டிகட்டியாக இருந்தது. கடைசி லாரிகளில் ஏறியது ரப்பரே இல்லாத வெறும் தார். அதனால்தான் முதல் அறுநூறு மீட்டர் உரிந்தது. மிச்சம் நன்றாக நிற்கிறது.

மார்கழியில் அறிக்கை கேட்டார்கள். என் மேலதிகாரி முத்தரசு சார் அறையில் காசிவிஸ்வநாதனும் இருந்தார். படிவத்தில் காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள்: பொருள், வேலை, மேற்பார்வை. ஒன்றில்தான் குறியிட வேண்டும்.

"பாருங்கம்மா" என்றார் முத்தரசு சார். "ரப்பர் கூடுன எடம் உரிஞ்சிருக்கு. ரப்பர் இல்லாத எடம் கல்லு மாதிரி நிக்குது. இதுக்கு மேல என்ன ஆராய்ச்சி வேணும்?"

"சார், ரெண்டும் ஒரே தொட்டித் தாரு. நல்லாக் கலந்திருந்தா ரெண்டு எடமும் நின்னிருக்கும். அடியில தங்கவிட்டதுதான் தப்பு."

"தங்கவிட்டது யாரு?"

நான் படிவத்தைப் பார்த்தேன். காசிவிஸ்வநாதன் சொன்னார்.

"யாரா இருந்தாலும் எம் பிளாண்ட் ஆளுதான் மேடம். நீங்க எழுதுங்க, கருத்தையாவை நாளைக்கே அனுப்பிர்றேன். பதினெட்டு வருசமா இருக்கான். தாருல இடதுகை வெந்துபோன ஆளு, வேற பிளாண்ட்ல எவன் சேப்பான்? அதைப் பாக்காதீக. உங்க கடமையைச் செய்யுங்க."

"எதுக்கு ஒரு குடும்பத்தைக் கெடுக்கணும்?" என்றார் முத்தரசு சார். "பொருள்னு போட்டா யாருக்கு நட்டம்? ரப்பர் வந்து நம்ம வாசல்ல அழப்போகுதா?"

"பொருள்னு போட்டா அடுத்த பதினாலு கிலோமீட்டர் வராது சார். இந்தப் பக்கம் இனி எவரும் ரப்பர் ரோட்டைப் பத்திப் பேசவே மாட்டாக."

"பேச வேணாம்மா. பேசிப் பேசித்தானே இங்க வந்து நிக்கிறோம்." படிவத்தை என் பக்கம் தள்ளினார். "அன்னைக்குச் சாம்பிள் எடுத்தீகளா?"

"எடுத்தேன் சார்."

"சோதிச்சாச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப இருக்கட்டும்."

மறுநாள் பிளாண்டுக்குப் போனேன். கருத்தையாவைக் காப்பாற்றப் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு போனேன். வழியெல்லாம் மனசுக்குள் அவர் கண் கலங்கினார், நான் ஆறுதல் சொன்னேன். நல்லவளாக இருப்பதை ஒத்திகை பார்த்துக்கொண்டு போகிற பழக்கம் எனக்கு உண்டு.

அவர் தோளிலிருந்த துண்டால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "இங்குட்டு நெழலுக்கு வாங்கம்மா. அங்குட்டு அனலு அடிக்கும்."

"விசாரிப்பாக கருத்தையா. உங்களையும் கேப்பாக."

"மொதலாளி சொன்னாரும்மா."

"என்ன சொல்லப் போறீக?"

"நானாத்தான் நிறுத்துனேன்னு சொல்லிருவேன்." வெந்துபோன இடதுகையை வலதுகையால் நீவிக்கொண்டார். "நீங்க பயப்படாதீக. நீங்க தலையாட்டினதை நான் யாருகிட்டயும் சொல்லலை. எம் பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லலை."

நான் கொண்டுபோன ஆறுதல் எதற்கும் உதவவில்லை. நான் வருவதற்கு முன்பே அவர் என்னைக் காப்பாற்றிவிட்டிருந்தார்.

"அதுக்கப்புறம் ஒண்ணு கேட்டீகளே" என்றேன். "லாரி கெளம்புறதுக்கு முன்னால."

"நானாம்மா? நான் ஒண்ணும் கேக்கலையே."

"கேட்டீக கருத்தையா."

"இல்லம்மா." என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். "நான் ஒண்ணுமே கேக்கலை. டீ சொல்லட்டா?"

அவர் கேட்டார். விழாவைப் பற்றி எழுதும்போது நானும் அதைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். பன்னிரண்டு ஐந்துக்கு மோட்டாரைப் போட்டதும் மேடைக்குப் பக்கத்தில் வந்து, "அம்மா, அடியில தங்கியிருக்கும். சூட்டைக் கூட்டி ஒரு மணி நேரம் ஓட்டிட்டு எடுப்பமா?" என்றார். பதினெட்டு வருடம் தாரோடு இருந்தவர். என் மூன்றாம் அத்தியாயத்தைப் படிக்காமலே தெரிந்தவர். பூ சுற்றிய லாரி காத்திருந்தது. கொடியசைக்க விருந்தினர் கையைத் தூக்கியிருந்தார். போட்டோ எடுப்பவர்கள் என்னையும் அவர் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். பொன்னாடையைச் சரிசெய்துகொண்டே சொன்னேன்: "எடுங்க, பரவாயில்லை."

தலையாட்டியதற்குக்கூட இரைச்சலைக் காரணம் சொல்லலாம். இதற்கு எதைச் சொல்வது? துடுப்பு ஓடும் சத்தத்திலும் அவர் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

மூன்றாம் கட்டத்தில், மேற்பார்வையில், குறியிட்டால் போதும். ரப்பரும் பிழைக்கும், கருத்தையாவும் பிழைப்பார். இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேலை போகாது, பதவி உயர்வு தள்ளிப்போகும், அவ்வளவுதான் என்று கணவர் சொன்னார். அதற்கு நான் பயப்படவில்லை. டயர் டயர் என்று பதினோரு வருடம் கத்தியவளே கெடுத்தாள் என்று கூட்டத்தில் அவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன். ரப்பர் தோற்றால் நான் பரிதாபத்துக்குரியவள். நான் தோற்றால் கேலிக்குரியவள். பரிதாபத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

'இப்பகுதியின் மண்ணுக்கும் மழைக்கும் ரப்பர் கலந்த தார் பொருத்தமானதாகத் தெரியவில்லை' என்று எழுதினேன். நல்ல வாக்கியம். பிழை இல்லாத வாக்கியம். முத்தரசு சார் படித்துவிட்டு, "உங்களுக்குக் கஷ்டமாத்தாம்மா இருக்கும்" என்று சொல்லி டீ வரவழைத்தார். பதினான்கு கிலோமீட்டரும் வெறும் தாருக்கு மாறியது. ரப்பர் தூளுக்காக நான் மெக்கானிக் கடைகளில் கேட்டுக்கேட்டுச் சேர்த்துக் கோட்டையூர்ப் பக்கம் குவித்து வைத்திருந்த டயர்களை ஒரு காளவாசல்காரர் லாரி வைத்து அள்ளிக்கொண்டு போனார்.

பொங்கல் கழிந்து கருத்தையா அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை. வேகவைத்த கடலை, இன்னும் சூடாக இருந்தது.

"நம்ம கொல்லையில வெளஞ்சதும்மா. பழிய ரப்பர் மேல போட்டுட்டீகளாமே, மொதலாளி சொன்னாரு. நல்லவேளை." கும்பிட்டார். "உங்க புண்ணியத்துல பொழச்சேன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று வந்தது.

அவர் போன பிறகு பையை எடுத்துக்கொண்டு சோதனைக்கூடத்துக்குப் போனேன். அலமாரியின் கடைசித் தட்டில் அந்த டப்பா இருந்தது. ஆவணித் தேதி, காலை 10.30, என் கையெழுத்து. சூடாக்கி, கிளறி, அச்சில் ஊற்றி, ஆறவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்துப் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு இழுத்தேன். கறுப்பு நூல் மாதிரி நீண்டது. நடுவில் கத்தரித்தேன். இனி ஒரு மணி நேரம் தொடாமல் விட வேண்டும். அறுந்த இரண்டு முனைகளும் தங்கள் பக்கமாக எவ்வளவு தூரம் திரும்பிப் போகின்றன என்று பார்க்க வேண்டும். வெறும் தார் கிடந்த இடத்திலேயே கிடக்கும். ரப்பர் நன்றாகக் கலந்திருந்தால் திரும்பும். பத்துக்கு ஐந்து திரும்பினாலே தேர்ச்சி.

ஸ்டூலில் உட்கார்ந்து கடலையை உரித்துத் தின்றேன். நல்ல கடலை. உப்பு அளவாக இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் பை பாதியானது.

பிறகு குனிந்து அளந்தேன். ஏழு.

"ஏழு" என்று சத்தமாகச் சொன்னேன். ஒருவர் அளந்து சொல்ல இன்னொருவர் குறித்துக்கொள்வது எங்கள் வழக்கம். குறிக்க அங்கே யாரும் இல்லை. மடியிலிருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்து, மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து அச்சைத் துடைக்க ஆரம்பித்தேன்.