விடுபட்ட இரண்டாவது வரி

மெய்ப்புக்காரரின் தொழிலில் பேச்சு என்பது இரண்டே வார்த்தைதான். கைப்பிரதியை ஒருவர் உரக்கப் படிப்பார். இன்னொருவர் அச்சுத்தாளில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வருவார். வரி ஒத்துப்போனால் பார்ப்பவர் சொல்வது "சரி". பிசகினால் "நில்லு". இந்த இரண்டை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தையே நடத்திவிடலாம் என்று நம் மெய்ப்புக்காரர் நினைத்தார். மூன்று வருஷம் நடத்தவும் செய்தார்.

உரக்கப் படித்தவள் அவர் மனைவி. ஏழு வருஷமாக அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். இப்போது அவர் வரிக்கு அடியில் அடிக்கோலை வைத்துத் தானே படித்து, தானே "சரி" சொல்லிக்கொள்கிறார். அச்சகத்தில் இதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை.

அவள் போனதற்குப் பெரிய சண்டை எதுவும் காரணமில்லை. அவசர வேலை என்று தாள்களை வீட்டுக்கே தூக்கி வந்து தலையைக் கவிழ்த்திருந்தார் மனிதர். அவள் பையோடு கதவருகே நின்று, "இந்த வீட்ல நான் இருக்கேனா இல்லையான்னே உங்களுக்குத் தெரியல. நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன்" என்றாள். அவர் தாளைப் பார்த்தபடியே "சரி" என்றார். வாய்ப்பழக்கம். நிமிர்ந்து பார்த்தபோது கதவு மட்டும் திறந்து கிடந்தது. போய்க் கூப்பிட முதலில் ரோஷம் விடவில்லை. ரோஷம் வடிந்த இடத்தில் வெட்கம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. அதற்குள் ஏழு வருஷம் ஓடிவிட்டது.

போன வாரம் அச்சகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. எபிரேயத் தீர்க்கதரிசனங்களில் வரும் பெயர்களுக்கு அவர்கள் பத்து வருஷம் முன்பு போட்ட அகராதியைப் பற்றி ஒரு பெண் எழுதியிருந்தாள்.

"நாற்பத்தாறு வயதில் தனி ஆளாக இரண்டு அறை கட்டியிருக்கிறேன். பியூலா என்ற பெயர் காதுக்கு நன்றாக இருந்தது. வாசலில் அதை எழுதலாம் என்று பொருள் பார்த்தால், 'கைவிடப்பட்டவள் என்று அழைக்கப்பட்ட தேசம்' என்று போட்டிருக்கிறீர்கள். அந்தச் சங்கதி எனக்கு ஏற்கெனவே தெரியும். அதை வாசலில் வேறு எழுதி வைக்க வேண்டுமா? அடுத்த மாதக் கடைசியில் பெயின்டர் வருகிறார். அதற்குள் பதில் போடுங்கள்."

அவர் பழைய கைப்பிரதியைத் தேடி எடுத்தார். அதில் இரண்டு வரி இருந்தது. முதல் வரி அச்சில் வந்தது. இரண்டாவது: 'அதற்குத் தீர்க்கதரிசி சூட்டிய புதுப்பெயர் இது, பொருள், மணமானவள்.' அச்சில் அந்த வரியே விழுந்துபோயிருந்தது.

எப்படித் தவறியது என்று அவர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவர்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஆறு வாரம். 'மணமானவள்' என்று படிக்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டேதான் அவர் "சரி" என்றார். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

"திருத்தச் சீட்டுல ரெண்டு கையெழுத்து வேணும்யா" என்றார் மேலாளர். "படிச்சவங்க ஒண்ணு, பாத்தவங்க ஒண்ணு. நம்ம வழக்கம்தானே?"

"அவங்க ஊர்ல இல்லீங்களே."

"பஸ் ஓடுதுல்ல?" என்று சொல்லிவிட்டு மேலாளர் தன் வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். எல்லாம் தெரிந்தும் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதில் அவர் கில்லாடி.

சனிக்கிழமை மத்தியானம் மச்சான் வீட்டுக் கதவைத் தட்டினார். மச்சானின் மகள் திறந்து, "அத்தை, மாமா வந்திருக்காரு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி அறிவித்தாள். மச்சான் "வாங்க மாப்ள" என்று ஒரு வார்த்தையோடு செய்தித்தாளை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு நழுவினார்.

அவள் கண்ணாடி போட்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. கடிதத்தைப் படித்தாள். பிறகு யாரும் சொல்லாமலே எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பிரதியை எடுத்து அந்த இரண்டு வரியையும் உரக்கப் படித்தாள். பழைய பழக்கம், காற்புள்ளியைக்கூட விடவில்லை. முடித்துவிட்டு அவர் "சரி" சொல்லக் காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை.

"அன்னிக்கும் நீ ரெண்டு வரியும் படிச்ச. தப்பு உன் மேல இல்ல. நான் தாளைப் பாக்கல."

"பின்ன என்னத்தப் பாத்தீங்க?"

"உன்னை."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "அந்த தேசத்த நல்லாக் கட்டி முடிச்சப்புறமா தீர்க்கதரிசி இந்தப் பேர் வச்சாரு?"

"இல்ல. பாழாக் கிடக்கும்போதே வச்சாரு. சுவர் இல்ல, கதவு இல்ல, ஆளில்ல. முதல்ல பேரைச் சொல்லிட்டாரு."

"தைரியம்தான்" என்று சொல்லி, சீட்டில் கையெழுத்துப் போட்டாள்.

அவர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "இன்னொரு தப்பும் இருக்கு. அதுக்குச் சீட்டு கிடையாது. நீ போறேன்னு சொன்ன அன்னிக்கு நான் உன்னைப் பாக்கல. தாளைப் பாத்துட்டு சரின்னுட்டேன்."

அவள் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள். பஸ்ஸில் மூன்று மணி நேரம் ஒத்திகை பார்த்த மிச்சப் பேச்சு அவருக்கு மறந்தே போனது. ஏழு வருஷமாக மனசுக்குள் கூப்பிட்டுக் கொண்டிருந்தவருக்கு நேரில் 'வா' என்று ஓர் எழுத்து வரவில்லை. எழுந்து செருப்பை மாட்டினார்.

"அஞ்சரைக்கு பஸ். நான் கிளம்பறேன்."

அவள் கையில் இப்போது தாள் எதுவும் இல்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நில்லுங்க" என்றாள். அந்த வார்த்தையை அவள் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.